குடைப் படமும் ஐந்தேகால் பஸ்ஸும்

மாத்தளையில் குடைப் படம் ஏன் அப்படி ஓடியது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பாட்டுதான் என்பார் ஒருவர். தம்பியாக நடித்தவனின் முழிதான் என்பார் இன்னொருவர். கொஞ்சம் படித்தவராக இருந்தால் ஒளி, நிழல் என்று எதையாவது எடுத்து விடுவார். எல்லாம் வீண் பேச்சு. அதே பாட்டும் அதே முழியும் கொழும்பிலும்தான் இருந்தன. அங்கே படம் ஒன்பதே நாளில் பெட்டிக்குள் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மாத்தளையில் மட்டும் ஐம்பத்தொன்பதாம் ஆண்டு வந்த படத்தை எழுபதாம் ஆண்டிலும் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள். அந்தப் படத்தின் நிஜப் பெயரைச் சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாது. குடைப் படம் என்று சொன்னால் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

உண்மையான காரணம் நாச்சியா. அவள் நடிகையுமல்ல, பாடகியுமல்ல. தியேட்டரில் பெண்கள் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவள்.

கொங்காவெலப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். முப்பது வயதுக்குள் கணவனை இழந்தாள். புஹாரி முதலாளி, கொக்கோவும் மிளகும் வாங்கி விற்றுச் சேர்த்த காசில் தியேட்டர் கட்டித் திறந்தபோது, பெண்கள் பக்கம் காலியாகக் கிடந்தது. இருட்டில் ஆண் ஒருத்தன் டோர்ச் லைட்டோடு வந்து இடம் காட்டினால் எந்த வீட்டுப் பெண் வருவாள்? அதனால் நாச்சியாவைக் கூப்பிட்டார். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்தார்கள். பேசுகிறவர்களில் யார் தன் அடுப்பில் உலை வைக்கப் போகிறார் என்று நாச்சியா ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு யாரும் அவள் காதுபடப் பேசவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையில் டோர்ச்சும் மறு கையில் டிக்கெட் கட்டுமாக வாசலை அடைத்து நிற்பாள். டிக்கெட் இல்லாமல் ஒரு குஞ்சும் உள்ளே நுழைய முடியாது.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. எந்தப் படம் ஓடும், எது படுக்கும் என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிடுவாள். திரையை அவள் பார்ப்பதேயில்லை. பெண்களைத்தான் பார்ப்பாள். படம் முடிந்து விளக்குப் போட்டதும், கூட்டுவதற்குத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தரையைப் பார்ப்பாள். வாங்கி வந்த கச்சான் கடலையையெல்லாம் தின்று கோதைக் காலடியில் குவித்திருந்தால் படம் தேறாது. மடியில் வைத்த கச்சான் சுருள் பிரிக்காமல் அப்படியே திரும்பிப் போனால் படம் பிழைத்துவிடும். கண்ணும் காதும் படத்தில் மாட்டிக்கொண்டவளுக்குக் கோது உடைக்க நேரம் ஏது? பத்து வருடத்தில் அவள் கணக்குத் தப்பியதில்லை. புஹாரி முதலாளி கொழும்பு விநியோகஸ்தர்களை நம்பியதைவிட நாச்சியாவின் துடைப்பத்தை அதிகம் நம்பினார்.

இனி அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். தியேட்டரை வாழவைத்தது டவுன்காரர்கள் அல்ல, ஞாயிறு பகல் காட்சிக்கு மலையிறங்கி வரும் தோட்டத்து ஜனங்கள். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நடந்து இறங்கி, பஸ் பிடித்து, இரண்டேகாலுக்கு மாத்தளைக்கு வந்து சேர்வார்கள். இரண்டரைக்குப் படம் தொடங்கும். ஐந்தேகாலுக்குக் கடைசி பஸ். அதை விட்டால் அட்டை கடிக்க இருட்டில் மலையேற வேண்டும், திங்கட்கிழமை காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கும் போய் நிற்க முடியாது. தமிழ்ப் படமோ மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து முடிவதில்லை. ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து மணி அடித்ததும், திரையில் கதாநாயகி தூக்கில் தொங்கப் போனாலும் சரி, கதாநாயகன் வாளை உருவினாலும் சரி, ஆண்கள் உட்காரும் கலரியில் பாதியும் பெண்கள் பக்கத்தில் முக்காலும் எழுந்து ஓடும். கடைசி அரை மணி நேரத்தை அவர்கள் எந்தப் படத்திலும் கண்டதில்லை.

ஓடுகிற ஓட்டத்தில் பெண்கள் வாசலில் ஒரு நொடி நின்று நாச்சியாவைக் கேட்பார்கள், கடைசியில் என்ன ஆகும் என்று. நாச்சியா சொல்லுவாள். திரையைப் பாராவிட்டாலும் காதால் கேட்டே அவளுக்கு எல்லா முடிவும் தெரியும். ஆனால் தெரிந்ததைச் சொல்ல மாட்டாள்.

இதை ஏன் மறைக்க வேண்டும்? அவள் பச்சைப் பொய் சொன்னாள். விஷம் குடித்தவள் பிழைத்துவிட்டாள் என்றாள். கடலில் மூழ்கியவனைச் செம்படவர்கள் தூக்கிவிட்டார்கள் என்றாள். கோர்ட்டில் தூக்குத் தண்டனை பெற்ற அப்பாவி விடுதலையாகி வீட்டில் பாயசம் சாப்பிடுவதாகக்கூட ஒரு முறை சொன்னாள். முதலில் இரக்கத்தில் தொடங்கியது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையேறப் போகிறவளிடம் பிணத்தைக் கொடுத்து அனுப்புவானேன் என்று நினைத்தாள். பிறகு அதுவே பழக்கமாயிற்று. அந்த ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று தனக்குத் தெரியும் என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

ஐம்பத்தொன்பதில் இரண்டு படங்கள் ஒன்றாகக் கைக்கு வந்தன. ஒன்று வாள் சண்டைப் படம். மற்றது இந்தக் குடைப் படம். தேர்ந்தெடுக்கப் புஹாரி முதலாளி தன் மனைவி ஸக்கியாவையும் நாச்சியாவையும் கண்டிக்கு அழைத்துப்போய் இரண்டையும் காட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக நாச்சியா திரையைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த ஸக்கியாவின் முகத்தைப் பார்க்க மறந்துபோனாள்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. தாய் தகப்பன் இல்லாத அக்காவும் தம்பியும். தொடக்கத்தில் ஒரு சிரிப்புக் காட்சி. முற்றத்தில் மிளகாய் காய்கிறது, திடீரென்று மழை. அக்கா கத்த, சின்னவன் குடையோடு ஓடி வந்து, மிளகாய்ப் பாய்க்குக் குடை பிடிக்கிறான். அக்கா நனைந்துகொண்டு நிற்கிறாள். குடை மிளகாய்க்கா எனக்கா என்கிறாள். அவன் சொல்கிறான்: "மிளகாய் நனைஞ்சா நீ அடிப்பே. நீ நனைஞ்சா யார் அடிப்பா?" தியேட்டர் சிரிக்கும். பிறகு தம்பி வளர்கிறான், பட்டணம் போகிறான், அக்காவை மறக்கிறான், பாட்டு, சண்டை, எல்லாம் வழக்கம்போல. கடைசி ரீலில் செய்தி கிடைத்து ஊருக்கு வருகிறான். மழை பெய்கிறது. முற்றத்தில், காயப்போட்ட மிளகாய்ப் பாய்க்குப் பக்கத்தில், அக்காவைக் கிடத்தியிருக்கிறார்கள். அவன் குடையை விரித்து அவள் முகத்துக்குப் பிடிக்கிறான். மிளகாய் நனைகிறதே என்று யாரோ சத்தம் போடுகிறார்கள். திரும்பிப் பார்க்காமல் சொல்கிறான்: "நனையட்டும். இனி அடிக்கிறதுக்கு யார் இருக்கா?"

அத்தோடு படம் முடிந்தது. விளக்குப் போட்ட பிறகும் நாச்சியா எழும்பவில்லை. வெளியே வந்ததும் முதலாளியிடம் இந்தப் படத்தையே எடுங்கள் என்றாள்.

"ஓடல்லெண்டா?" என்றார் புஹாரி.

"ஓடும்."

"வாள் சண்டைய விட்டுட்டு இத எடுக்கச் சொல்ற. ஓடல்லெண்டா நீயும் ஊட்டுல இருக்க வேண்டியதுதான் நாச்சியா."

"அம்பது நாள் ஓடும் முதலாளி. ஓடாட்டி நானே ஊட்டுல இருந்துக்கிறேன்."

இப்படித்தான் அவள் தன் வேலையையும் பத்து வருடத்துப் பேரையும் ஒரு குடையின் கீழ் கொண்டுபோய் வைத்தாள்.

முதல் ஞாயிறு தியேட்டர் நிரம்பி வழிந்தது. மிளகாய்க் காட்சிக்குச் சிரித்தார்கள். ஐந்து மணிக்கு எழுந்து ஓடினார்கள். முதலில் வந்து நின்றவள் ராசம்மா. மலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள், பத்து வருடமாக ஒரு சம்பள ஞாயிறும் தவறாமல் வருகிறவள். தன் மகளுக்குக் கனகவல்லி என்று ஒரு படத்துக் கதாநாயகியின் பெயரையே வைத்திருந்தாள். கடைசியில் என்ன ஆகும் என்று அவள் கேட்டதும், நாச்சியாவின் வாய் பழக்க தோஷத்தில் தானே பேசிவிட்டது. தம்பி வந்து சேர்ந்துவிட்டான், அக்கா பிழைத்துவிட்டாள், மிளகாய் வியாபாரம் செய்து நன்றாக இருக்கிறார்கள். ராசம்மா திருப்தியாகப் பஸ்ஸுக்கு ஓடினாள். அவள் பின்னால் வந்த நாற்பது பேருக்கும் அதே கதைதான்.

அந்த வாரம் முழுக்கத் தியேட்டரில் ஈ ஓட்டினார்கள். அடுத்த ஞாயிறு கலரியில் நாய்கூடப் படுக்க வரவில்லை. தோட்டங்களில் பேச்சு இப்படிப் போயிருந்தது: அக்கா தம்பிப் படமாம், தம்பி திருந்திடுறானாம், அக்கா பொழச்சிடுறாளாம், எத்தனையோ பார்த்தாச்சு. யார் அதற்காக மலையிறங்குவார்கள்? படத்தைக் கொன்றது வேறு யாருமல்ல, நாச்சியாதான். ஆனால் அன்று மத்தியானம் வரைக்கும் அது அவளுக்குப் புரியவில்லை. முதலாளி முகத்தைப் பார்க்காமல் வாசலில் விறைத்து நின்றாள். செவ்வாய்க்கிழமை பெட்டியைக் கொழும்புக்கு அனுப்பச் சொல்லியாகிவிட்டது.

மூன்று மணியிருக்கும். படம் ஓடிக்கொண்டிருக்க, ராசம்மா வந்தாள். டிக்கெட் எடுக்கவில்லை. நேரே நாச்சியாவின் முன்னால் வந்து நின்றாள். அவளுடைய கொழுந்தன் முத்துவீரன் போன ஞாயிறு கையில் வெட்டுக்காயத்தோடு வந்தவன், மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்ததால் டவுனிலேயே தங்கி, முதல் தடவையாக ஒரு படத்தைக் கடைசிவரை பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் பழைய படங்களின் முடிவையும் விசாரித்திருக்கிறான். முந்தின இரவுதான் தோட்டத்துக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"அந்தப் படத்துக் கனகவல்லி செத்துட்டாளாமே நாச்சியாம்மா," என்றாள் ராசம்மா. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நாச்சியா சமாளித்திருப்பாள்.

நாச்சியா ஓம் என்று ஒத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு ஓடுகிற நேரத்தில் அழுதுகொண்டு மலையேற வேண்டுமா என்று நினைத்துத்தான் சொல்லவில்லை என்றாள். மகளின் பெயரை நினைத்து, பேரை மாற்றுவதென்றால் மாற்றிவிடு புள்ள என்றும் சொன்னாள்.

"பேர எதுக்கு மாத்தணும்? செத்தவ பேர வைக்கிறது எங்க வழக்கந்தான். தெரிஞ்சிருந்தா இன்னும் மரியாதையா வச்சிருப்பேன்." என்றாள் ராசம்மா. "எங்க பக்கம் ஒரு சாவுன்னா, எத்தனை மலை தாண்டி இருந்தாலும் ஆள் விட்டுச் சொல்லுவோம். சொல்லாம விட்டா அந்த ஒறவே அத்துப்போகும். மூணு மணி நேரம் அவங்களோட சிரிச்சு அழுதது நாங்க. கடைசியில செத்தா எங்களுக்குச் சேதி கிடையாது. எங்களுக்குத் தாங்காதுன்னு ஒங்களுக்கு யாரும்மா சொன்னா?"

நாச்சியாவுக்கு வெட்கமாக இருந்தது. பத்து வருடமாகக் கச்சான் கோதை எண்ணி இந்த ஜனங்களின் மனசை அளந்துவிட்டதாக இறுமாந்திருந்தாள். அளந்தது என்னவோ தன் இரக்கத்தைத்தான் என்று இப்போது உறைத்தது. தோட்டத்து லய வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்து மறுநாளே மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனவள் ராசம்மா. அவளுக்கா ஒரு சினிமாச் சாவு தாங்காது?

ஆனால் வெட்கப்பட்டு மூலையில் உட்கார்கிற பிறவியல்ல நாச்சியா. அடுத்த ஞாயிறு உன் தோட்டத்து ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வா, முடிவைக் காட்டித்தான் பஸ் ஏற்றுவேன் என்று ராசம்மாவிடம் சொல்லிவிட்டாள். ராசம்மா நம்பாமல் பார்த்துவிட்டுப் போனாள். எப்படிக் காட்டப் போகிறோம் என்று அப்போது நாச்சியாவுக்கே தெரியாது.

படத்தை முன்கூட்டித் தொடங்க முடியாது, ஜனங்கள் வருவதே இரண்டேகாலுக்கு. பஸ்ஸை நிறுத்திவைக்க முடியாது, அது அரசாங்க பஸ். பாட்டுகளை வெட்டினால் கலரிக்காரர்கள் நாற்காலியை உடைப்பார்கள். அன்று மாலை, பெண்கள் ஏறாத அந்த மரப்படியில் ஏறி, படம் ஓட்டுகிற யாகூப்பின் அறைக் கதவைத் தட்டினாள். யாகூப் அவளைவிட இளையவன், ரீலைத் தன் பிள்ளையைப்போல் பார்த்துக்கொள்கிறவன். கடைசி ரீல் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். பத்து நிமிஷம் என்றான். முதலில் போடுகிற செய்திப் படமும் விளம்பர ஸ்லைட்டும் எவ்வளவு நேரம் என்றாள். அதுவும் பத்து நிமிஷந்தான்.

"அப்ப அதுகள விட்டுட்டு, கடைசி ரீல மொதல்ல ஓட்டு தம்பி."

யாகூப்புக்குத் தலை சுற்றியது. தலையை வெட்டிக் காலில் ஒட்டச் சொல்கிறீர்களா ராத்தா, முடிவு தெரிந்த பிறகு எவன் உட்கார்ந்து பார்ப்பான் என்று கத்தினான். புஹாரி முதலாளியும் அதையேதான் கேட்டார். நாச்சியா வளைந்து கொடுக்கவில்லை. டவுன்காரர்களுக்கு வேண்டுமானால் கடைசியிலும் ஒரு தடவை ஓட்டிக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை போக வேண்டிய பெட்டி ஒரு வாரம் பிந்திப் போனால் குடிமுழுகிவிடாது. ஒரே ஒரு ஞாயிறு கொடுங்கள். சரிவராவிட்டால் டோர்ச் லைட்டை மேசையில் வைத்துவிட்டு நானே போய்விடுகிறேன், நீங்கள் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. அவள் பேசிய வீச்சைப் பார்த்து முதலாளி சம்மதித்தார். நம்பிக்கையால் என்று சொல்ல முடியாது. இவளோடு யார் மல்லுக்கு நிற்பது என்ற அலுப்பும் இருந்திருக்கும்.

அந்த ஞாயிறு ராசம்மா சொன்னபடி வந்தாள். அவளோடு எழுபது, எண்பது பேர். விளக்கணைந்தது. செய்திப் படம் இல்லை, பெயர் போடவில்லை. எடுத்த எடுப்பில் மழை. யாரோ ஒருவன் ஓடி வருகிறான், யாரோ ஒருத்தி கிடக்கிறாள், குடை விரிகிறது. என்ன இது, யாகூப் குடித்துவிட்டானா என்று கலரியில் கூச்சல் எழுந்தது. மிளகாய் நனைகிறதே என்று குரல் கேட்டு, அவன் நனையட்டும், இனி அடிக்கிறதுக்கு யார் இருக்கா என்றதும், டவுன் இளவட்டங்கள் சிலர் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். செத்த வீட்டில் மிளகாய்க்கு அடிதடியா என்று ஒருவன் உரக்கக் கேட்டான். பெண்கள் பக்கத்திலும் ஒன்றும் புரியவில்லை. மேலே ஜன்னலிலிருந்து முதலாளி கீழே பார்த்தார். நாச்சியா அவரைப் பார்க்கவில்லை.

பிறகு முறைப்படி முதல் ரீல் தொடங்கியது. சின்ன அக்கா, சின்னத் தம்பி. மூன்றாம் ரீலில் முற்றத்தில் மிளகாய் காய்ந்தது. மழை வந்தது. பையன் குடையோடு ஓடி வந்து மிளகாய்க்குப் பிடித்தான்.

முதல் ஞாயிறு எல்லாரும் சிரித்த இடம் அது. உலகத்தில் அந்தப் படம் ஓடிய எல்லா ஊரிலும் சிரித்த இடம்.

"மிளகாய் நனைஞ்சா நீ அடிப்பே. நீ நனைஞ்சா யார் அடிப்பா?" என்றான் பையன்.

தியேட்டரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சற்று முன் சிரித்த இளவட்டங்கள் வாயடைத்துப் போயிருந்தார்கள். நாச்சியா டோர்ச்சைக் கீழே சாய்த்து ஒரு வட்டம் விட்டாள். முன் வரிசையில் ராசம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் மட்டுமல்ல, அந்த வரிசை முழுக்க. அதற்குப் பிறகு அக்கா சிரித்தாலும் அழுதார்கள். தம்பி பட்டணத்தில் பாட்டுப் பாடினாலும், அடே போடா, ஊருக்குப் போடா என்று கலரியிலிருந்து கெஞ்சினார்கள். என்ன நடக்கப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. படத்தில் வந்த வழக்கமான அசட்டுக் காட்சிகள் எல்லாம் அந்த ஒரு காரணத்தால் நெஞ்சைப் பிடித்தன. ஐந்து மணிக்கு எழுந்தார்கள். வாசலில் யாரும் நின்று எதுவும் கேட்கவில்லை. ராசம்மா மட்டும் நாச்சியாவின் கையை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள். உள்ளே தரையில் தேடினாலும் ஒரு கச்சான் கோது இல்லை.

பெட்டி கொழும்புக்குப் போகவில்லை. ஐம்பது நாள் என்றாள், தொண்ணூறு நாள் ஓடியது. அடுத்த வருடம் மாரியம்மன் தேருக்கு மறுபடியும் கேட்டு வாங்கினார்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் வந்தது. கலேவெலயிலிருந்தும் பல்லேகமவிலிருந்தும் மிளகாய் பயிரிடுகிறவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள், பாஷை தெரியாத சிங்களவரும் சேர்த்தி. ஜனங்கள் வசனத்தைத் திரைக்கு முந்திச் சொல்லத் தொடங்கினார்கள். கடைசி ரீல் ஓடும்போது கலரியில் குடைகள் விரிந்தன. யார் தொடங்கியதென்று தெரியாது, விரிக்காதவனை விரோதியைப்போல் பார்த்தார்கள். முதல் தடவை வருகிறவன் தொடக்கத்தில் சிரித்தால் யாரும் அவனை அடக்க மாட்டார்கள். மூன்றாம் ரீல் வரட்டும் என்று காத்திருப்பார்கள்.

சேதி கேட்டு விநியோகக் கம்பெனிக்காரர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போய், வேறு இரண்டு ஊர்களில் கடைசி ரீலை முதலில் ஓட்டச் செய்தார். அங்கே காசைத் திருப்பிக் கேட்டார்கள். ஏனென்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்குகிறது. அங்கே அது ஒரு தந்திரம். இங்கே அது தராமல் வைத்திருந்த சாவுச் சேதி. பத்து வருடம் பாதிக் கதையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு முதன்முதலாக முழுதாகக் கொடுத்த கதை. ஒரு படத்தை எடுத்தவன் பாதிதான் எடுக்கிறான். மீதியை, அதைப் பார்க்க எவ்வளவு தூரம் நடந்து வந்தோம், எந்த பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும் என்பதைக் கொண்டு ஜனங்கள் எடுத்து முடிக்கிறார்கள். இதற்கு மேல் விளக்கம் கேட்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை.

நாச்சியா அதன் பிறகு யாருக்கும் பொய் முடிவு சொல்லவில்லை. எந்தப் படமானாலும் வாசலில் நின்று நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவள் சொல்லுக்கு அந்த மலைகளில் முன்பைவிட மதிப்பு இருந்தது.

எழுபத்திரண்டில் ராசம்மாவின் குடும்பத்துக்கு இந்தியாப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. இரண்டு நாட்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போயே ஆக வேண்டும். மாத்தளை ஸ்டேஷனில் ரயில் ஏறி, கண்டியில் மாறி, தலைமன்னார் போய்க் கப்பல். நாச்சியா வழியனுப்ப வந்தாள். நல்ல மழை. ராசம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கனகவல்லி, கல்யாண வயதுப் பெண். நாச்சியா வெளியே நின்று ஜன்னலுக்குக் குடை பிடித்தாள்.

"அங்க எங்களுக்கு எப்படி இருக்கும் நாச்சியாம்மா?" என்றாள் ராசம்மா.

நான் கண்டேனா புள்ள, நான் அந்தப் பக்கம் போனதே இல்லையே என்றாள் நாச்சியா.

"பரவால்ல. முன்னால சொல்லுவீங்களே, அந்த மாதிரி ஒன்னு சொல்லுங்க."

எங்களுக்குத் தாங்காதென்று யார் சொன்னது என்று கேட்ட அதே ராசம்மா. ரயில் ஊதியது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுக்குச் சொல்லுகிற அந்தப் பழைய வேகத்தில், தட்டாமல் தடங்காமல் நாச்சியா சொன்னாள். ஓட்டு வீடு கிடைக்கும். வாசலில் கிணறு இருக்கும். கனகவல்லிக்குப் பள்ளிக்கூட வாத்தியார் மாப்பிள்ளை வருவான். பேரப் பிள்ளைகள் நாலு. கேட்ட நேரத்தில் மழை பெய்யும், மிளகாய் காய்கிற நேரத்தில் பெய்யாது. ரயில் நகர்ந்தபோது கூடவே நடந்துகொண்டு சொன்னாள். ராசம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு போனாள்.

ஐந்து வருடம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. கனகவல்லி எழுதியிருந்தாள். நீலகிரிப் பக்கம் கூலி வேலை, ஓலைக் குடிசை. காய்ச்சல் கண்டு எட்டு நாள் கிடந்து அம்மா போன மாதம் தவறிவிட்டாள். எல்லாருக்கும் முன்னால் நாச்சியாம்மாவுக்குச் சேதி சொல்ல வேண்டும், எதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டுப் போனாள். தோட்டத்தில் மிஞ்சியிருக்கிற நம் சொந்தங்களுக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நாச்சியாவுக்கு அப்போது அறுபதை நெருங்கிவிட்டது. மூட்டு வலி. அந்த மலைக்கு அவள் ஒரு நாளும் போனதில்லை. அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, குடையை எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் ரத்தோட்டைக்குப் போனாள். அங்கிருந்து தேயிலைக்கு நடுவே, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானமாகிவிட்டது. முத்துவீரன் வெளியே வந்தான். பின்னால் பெண்கள் வந்தார்கள், தலை நரைத்த பழைய ஞாயிற்றுக்கிழமை முகங்கள். என்ன சேதி என்று கேட்டார்கள். நாச்சியா குடையை மடக்கி வைத்துவிட்டு, கூட்டாமல் குறைக்காமல், நடந்ததை நடந்தபடி சொன்னாள்.